மண்டியிலும் அதே ஆளாக இருக்க

தம்பி கேட்டிருப்பது இதுதான். காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் கமிஷன் மண்டி நடத்துகிறார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊத்தங்கரை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலை போய்க் கிரிவலம் சுற்றுகிறார். காலையில் தியானமும் உண்டு. அந்த நேரங்களில் உள்ளே ஒரு குறையும் தெரிவதில்லை, எல்லாரும் ஒன்று என்று படுகிறது. மறுநாள் மண்டியில் உட்கார்ந்தால் விவசாயிக்கு ஒரு விலை, மாங்கூழ் ஆலைக்கு ஒரு விலை, போனில் வேறொரு பேச்சு. "அந்த நிறைவு பொய்யா, நான் பொய்யா? அதை வைத்துக்கொண்டு நேர்மையாகத் தொழில் செய்ய முடியுமா?" என்று கேட்கிறார்.

நிறைவு பொய் இல்லை. ஆனால் அது எந்த இடத்தில் வந்தது என்று பாருங்கள். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அத்தனை தூரமும் உங்களிடம் யாரும் விலை கேட்கவில்லை, தவணை கேட்கவில்லை, லாரி வாடகை கேட்கவில்லை. கொடுக்கல் வாங்கல் இல்லாத இடத்தில் மனமும் வாயும் ஒன்றாக இருப்பது சுலபம். மண்டியில் ஒரு விவசாயி எதிரே நின்று "எவ்வளவுக்குப் போச்சு அண்ணா?" என்று கேட்கிறாரே, அந்த நொடியில்தான் மனம் ஒன்றை நினைக்கிறது, வாய் ஒன்றைச் சொல்கிறது, கை மூன்றாவதாக ஒன்றை எழுதுகிறது. நம் பெரியவர்கள் மனம், வாக்கு, காயம் என்று மூன்றையும் சேர்த்தே சொன்னார்கள். மூன்றும் பிரிகிற இடம் எதுவோ அதுதான் சாதனை செய்ய வேண்டிய இடம்.

பலர் இங்கே தலைகீழாகச் செய்கிறார்கள். மண்டியில் மனம் கெடுகிறது என்று தியானத்தைக் கூட்டுகிறார்கள், அரை மணி ஒரு மணி ஆகிறது. மனம் லேசாவது உண்மைதான். லேசான மனத்தோடு மறுபடி அதே இரண்டு விலையைச் சொல்வதால், முன்பு இருந்த உறுத்தலும் போய்விடுகிறது. இது முன்பைவிட மோசமான நிலை. தியானம் உறுத்தலைத் தணிக்கிற மாத்திரையாக மாறிவிட்டால் அதை நிறுத்திவிட்டுக் கணக்கைச் சரிசெய்வதே நல்லது என்று தயங்காமல் சொல்வேன்.

வள்ளலார் வடலூரில் செய்த வரிசையைக் கவனியுங்கள். 1867-இல் பசித்தவர்களுக்காகத் தருமசாலையின் அடுப்பு எரிந்தது. சத்திய ஞான சபையில் வழிபாடு தொடங்கியது 1872-இல். ஏழு திரை விலக்கி ஜோதி காட்டுகிற இடம் சோறு போடுகிற இடத்துக்குப் பின்னால்தான் வந்தது. அடுத்தவர் வயிறும் என் வயிறும் ஒன்று என்பது அடுப்படியில் நடைமுறைக்கு வராமல் வெறும் ஜோதி தரிசனமாக நின்றால் போதாது என்பதைத்தான் நான் அதில் பார்க்கிறேன். உங்கள் மண்டியில் அந்த ஒருமை எந்த ரூபத்தில் வரவேண்டும்? விவசாயிக்கு ஆன நஷ்டம் உங்களுக்கு வெளியே நடந்த ஒன்று இல்லை என்று உங்கள் கணக்குச் சீட்டு காட்டவேண்டும்.

இனி செய்முறை.

முதல் மாதம் விலையைத் தொடவேண்டாம். போனில் இருந்து தொடங்குங்கள். வீட்டில் சட்டை மாட்டிக்கொண்டே "பர்கூர் தாண்டிட்டேன், பத்து நிமிஷத்துல வந்துடுவேன்" என்று சொல்வது, "நாளைக்குக் கட்டாயம் போட்டு விடறேன்" என்பது, மகன் கையில் போனைக் கொடுத்து "அப்பா குளிக்கிறார்னு சொல்லு" என்பது. இவை சின்னவை, லாபமும் இல்லை, ஆனால் வாய் பழகுவது இங்கேதான். அதனால் மாற்றுவதற்கும் இங்கேதான் குறைந்த செலவு ஆகும். விதி இரண்டு. வர முடிகிற நேரத்தையும் தர முடிகிற தேதியையும் மட்டும் சொல்வது. தவறும் என்று தெரிந்தால் தேதிக்கு முன்பே நீங்களே கூப்பிட்டுச் சொல்வது. தேதி முடிந்தபின் அவர் கூப்பிட்டு நீங்கள் விளக்கம் சொன்னால் அது சமாளிப்பு. முந்தின நாள் நீங்கள் கூப்பிட்டால் அவர் தன் ஏற்பாட்டை மாற்றிக்கொள்ள முடியும். வாக்குக் கொடுப்பதையே பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். "பார்க்கலாம்" என்று இழுப்பதும் வேண்டாம், எதிராளி அதை ஒத்துக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார். முடியாது என்றால் "இந்த மாதம் முடியாது" என்று சொல்லிவிடுங்கள்.

பையன் விஷயத்தை மட்டும் முதல் நாளே நிறுத்துங்கள். "அப்பா வேலையா இருக்கார், சாயந்திரம் ஆறு மணிக்குப் பேசுவார்" என்று சொல்லக் கற்றுக்கொடுத்து, ஆறு மணிக்கு நீங்கள் பேசிவிடவேண்டும்.

இரண்டாவது மாதம் நோட்டு. 40 பக்க நோட்டு போதும். இரவு சாப்பிட்டபின் பத்து நிமிடம். பக்கத்தில் இரண்டு கோடு போட்டு மூன்று பத்தியாக்குங்கள்: சொன்னது, செய்தது, மனதில் இருந்தது. மூன்றும் ஒத்துப்போன காரியங்களை எழுத வேண்டாம், பிரிந்தவற்றை மட்டும் எழுதுங்கள், ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் போகவேண்டாம். "இன்று பேராசைப்பட்டேன்", "நான் சரியில்லை" என்றெல்லாம் எழுதக்கூடாது. அந்த மாதிரி வாக்கியம் அழத்தான் உதவும், மறுநாள் காலையில் அதை வைத்து எதையும் திருத்த முடியாது. யாரிடம், எந்த லோடு, எத்தனை ரூபாய் என்று எழுதுங்கள்.

மூன்றாவது பத்திதான் முக்கியம். உங்களைப் போன்ற ஒரு மண்டியில் இது எப்படி இருக்கும் என்று ஒரு வரி போட்டுப் பார்ப்போம். சொன்னது: பெங்களூரா ரக மாங்காய் லோடு கிலோ 16-க்குத்தான் போச்சு. செய்தது: ஆலைக்கு 18-க்குப் போட்டது. மனதில் இருந்தது: ஆலை பணம் தர 40 நாள் ஆகும், விவசாயிக்கு இன்றைக்கே கொடுக்கணும், அதுவரை வட்டியை யார் சுமப்பது?

பாருங்கள், மனதில் இருந்தது நியாயமான கவலை. அதை வாயால் சொல்லாததால்தான் பொய் தேவைப்பட்டது. இப்போது கணக்குப் போடுங்கள். 10 டன் லோடு, 18 ரூபாய் வீதம் 1,80,000 ரூபாய். இரண்டு வட்டிக்கு மாதம் 3,600, 40 நாளுக்கு 4,800. கிலோவுக்கு 50 காசுகூட முழுசாக இல்லை. நீங்கள் பிடித்ததோ கிலோவுக்கு 2 ரூபாய், அதாவது 20,000. பொய்யால் உண்மை விலை மட்டும் மறையவில்லை. நியாயமாகப் பிடிக்க வேண்டியதைப்போல நான்கு மடங்கு பிடித்திருக்கிறோம் என்பது உங்கள் கண்ணுக்கே மறைந்துபோனது. வெளிப்படையாகப் பேசினால் இப்படி இருக்கும்: "அண்ணா, 18-க்குப் போச்சு. ஆலைப் பணம் வர 40 நாள். பொறுத்தீங்கன்னா என் கமிஷன், கூலி போக முழுசா தர்றேன். இன்னைக்கே வேணும்னா கிலோவுக்கு 50 காசு குறைச்சுத் தர்றேன்." முடிவை அவர் எடுக்கட்டும். நிறைய பொய்களுக்கு இதுதான் மருந்து. பொய்க்குப் பின்னால் ஒளிந்திருக்கும் செலவைக் கண்டுபிடித்து நிபந்தனையாக வெளியே வைத்துவிட்டால், பொய்க்கு வேலை இல்லாமல் போகும்.

நோட்டு எங்கே கெட்டுப்போகும் என்றும் சொல்லிவிடுகிறேன். சில வாரம் போனதும் யாரோ படிப்பார்கள் என்பது போல அழகாக எழுதத் தோன்றும். அல்லது தன்னைத் திட்டிக்கொள்வதில் ஒரு சுகம் வந்துவிடும். இரண்டுக்கும் ஒரே தடுப்புதான். எழுதிய மூன்றில் ஒன்றை மறுநாள் பகல் 12 மணிக்குள் சரிசெய்துவிட்டு அந்த வரியின் குறுக்கே கோடு அடியுங்கள். கோடு விழாத வரிகளே தொடர்ந்து ஒரு வாரம் நின்றால் எழுதுவதை நிறுத்திவிட்டு, உள்ள வரிகளை முதலில் முடியுங்கள்.

அரை உண்மை பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பக்திமான்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரிக் கிராமங்களில் தர்மராஜா கோயில்களிலும் திரௌபதியம்மன் கோயில்களிலும் பாரதக் கதையும் கூத்தும் நடப்பதால் இந்த இடம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். பீமன் அசுவத்தாமன் என்ற யானையைக் கொல்கிறான். துரோணர் தர்மரிடம் கேட்கிறார். "அசுவத்தாமன் இறந்தான்" என்று உரக்கச் சொல்லி, யானை என்பதைக் காதில் விழாதபடி சொல்கிறார் தர்மர். அதுவரை தரையில் படாமல் நாலு விரல்கடை மேலே ஓடிய அவர் தேர், அன்றைக்கு மண்ணில் இறங்கிவிடுகிறது. சொன்ன சொற்களில் ஒன்றுகூடத் தவறு இல்லை. துரோணர் எதை நம்பவேண்டும் என்று தர்மர் விரும்பினாரோ அதில்தான் பொய் இருந்தது. ஆகவே "நான் சொன்னது தப்பா?" என்று சோதிக்காதீர்கள். "அவர் என்ன புரிந்துகொண்டு போனார், அது தப்பு என்று எனக்குத் தெரியுமா?" என்று சோதியுங்கள்.

எடைமேடையில் இதே கதை நடக்கும். லோடோடு எடை போடும்போது இறங்கி நின்ற டிரைவரும் கிளீனரும், லோடு இறக்கியபின் காலி வண்டியை எடை போடும்போது வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேர், 120 கிலோ. காலி வண்டியின் எடை அந்த அளவு கூடினால் மாங்காயின் எடை அந்த அளவு குறையும். 18 ரூபாய் வீதம் 2,160 ரூபாய் விவசாயிக்குப் போச்சு. சீட்டில் உள்ள எண் மெஷின் அடித்த எண், யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டு சும்மா நின்ற உங்களுக்குத் தெரியும். ஏற்றி எடை போட்டபோது வண்டியில் எத்தனை பேர் இருந்தார்களோ அதே நிலையில்தான் காலி எடையும் போடவேண்டும். இரண்டு முறையும் எல்லாரும் இறங்கி நிற்பதே சரி. "இறங்குங்கப்பா" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நேர்மை என்றால் எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொட்டுவது இல்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிறவர்கள் பொய்யர்கள் இல்லை, அது இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட ரகசியம். ஆலைக்காரர் "நீங்க என்ன விலைக்கு எடுத்தீங்க?" என்று கேட்டால் "அதைச் சொல்றதில்லைங்க" என்பது முழு நேர்மை. இல்லாத ஒரு விலையைச் சொல்வதுதான் பொய். தெரிந்ததைத் "தெரியாது" என்பதும் அப்படியே. இந்த வேறுபாடு பிடிபட்டால் பாதி பயம் போய்விடும். இனி என் தொழில் ரகசியம் எல்லாம் போச்சு என்று நினைத்துத்தான் பலர் தொடங்கவே தயங்குகிறார்கள்.

உண்மை பேசத் தொடங்கிய புதிதில் நாக்கு கத்தியாக மாறும் ஆபத்தும் இருக்கிறது. மச்சானின் தொழில், மனைவியின் அண்ணன், பக்கத்து மண்டிக்காரர் என்று கேட்காதவர்களிடம் எல்லாம் போய் "உள்ளதைச் சொல்றேன்" என்று ஆரம்பிப்பார்கள். வள்ளுவர் வாய்மைக்குச் சொன்ன முதல் இலக்கணமே யாருக்கும் தீங்கு இல்லாத சொல் என்பதுதான். அடுத்தவரைப் பற்றிய உண்மையைச் சொல்லும் அவசரம் வரும்போது, அதே நாள் உங்களைப் பற்றிய ஒரு உண்மையை அவரிடம் சொல்லத் தயாரா என்று கேட்டுப் பாருங்கள். தயார் இல்லை என்றால் வாயை மூடிக்கொள்வதே நல்லது.

அடுத்தது கடன். ஆன்மிகம் பேசுகிறவர்கள் இதைத் தொடுவதில்லை, ஆனால் இந்தப் பக்கத்து வியாபாரத்தில் பொய்யின் தாய்வேர் பெரும்பாலும் இதுதான். 5 லட்சம் ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 15,000, வருடத்துக்கு 1,80,000. அசல் அப்படியே நிற்கும். இப்படி இரண்டு மூன்று இடத்தில் வாங்கி, அதற்கு மேல் ஒரு ஏலச்சீட்டும் எடுத்திருப்பவர், ஒவ்வொருவருக்கும் ஒரு தேதி சொல்லியே ஆகவேண்டும். கையில் இருக்கும் பணம் ஒருவருக்குத்தான் காணும். மீதிப் பேரிடம் அவர் பொய்தான் சொல்வார், எவ்வளவு தியானம் செய்தாலும் சரி. அவருக்கு முதல் சாதனை கடனைக் குறைப்பது. அதிக வட்டிக்கடனை முதலில் முடிக்கவேண்டும். அடுத்த பருவத்துக்குத் தோட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் முன்பணத்தைக் கையில் உள்ள சொந்தப் பணத்துக்குள் நிறுத்தவேண்டும், பத்துத் தோட்டம் ஆறாகக் குறைந்தாலும் பரவாயில்லை. கடன் வாங்கிக் கோயில் திருவிழாவுக்கு உபயம் செய்வதை விட்டுவிடவேண்டும். இப்படித் தொழிலைச் சுருக்குவது தோல்வி இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடிகிற அளவுக்குக் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான்.

பழுக்க வைக்கும் விஷயத்தில் சுருக்கமாகவே சொல்கிறேன். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை. அதிலிருந்து வரும் வாயுவோடு ஆர்சனிக், பாஸ்பரஸ் சார்ந்த நச்சுகளும் கலந்து வரும். எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கில் 100 பங்கு வரை, அனுமதி உண்டு, அதற்கு மூடிய அறை வேண்டும். "எல்லாரும் வைக்கிறார்கள்" என்பது உங்கள் நோட்டின் மூன்றாவது பத்தியில் வந்தால், அடுத்த வரியில் அந்தப் பழத்தை உங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பீர்களா என்று எழுதுங்கள். இதில் படிப்படியாக மாறுவது என்று ஒன்று கிடையாது, நாளையே நிறுத்தவேண்டும். அறை இல்லை என்றால் காயாகவே விற்றுவிடுங்கள்.

பழைய பாக்கிக்கு வருவோம். இத்தனை பருவமாக மறைவாகப் பிடித்ததை என்ன செய்வது? உண்டியலில் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்பதுதான் நம்மிடம் உள்ள பெரிய தப்பு. தீர்த்தமலையில் குளித்தாலும், அதியமான்கோட்டை காலபைரவருக்குப் பூசணி விளக்கு ஏற்றினாலும், விவசாயிக்குத் தரவேண்டிய பணம் விவசாயிக்குத் தரவேண்டிய பணமாகவேதான் நிற்கும். அவரிடம் எடுத்ததைக் கொண்டு சாமிக்குக் கொடுத்தால் அவருக்கு என்ன வந்தது?

முதலில் பழைய சீட்டுகளை எடுத்துப் பெயர் வாரியாகத் தொகை போடுங்கள். சீட்டு இல்லாத இடத்தில் உத்தேசமாக, உங்களுக்குச் சாதகம் இல்லாத பக்கமாகப் போடுங்கள். யார் இப்போது கஷ்டத்தில் இருக்கிறாரோ அவருக்கு முதலில் கொடுங்கள், யார் சத்தம் போடுவாரோ அவருக்கு இல்லை. நேரில் தனியாகப் போய்ச் சொல்லவேண்டும். "இந்த வருஷம், இந்த லோடுக்கு விலையைக் குறைச்சுச் சொன்னேன். இவ்வளவு உங்களுக்குச் சேரவேண்டியது. இதோ." இதற்கு மேல் ஆலைப் பணம் லேட், அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்று எதையும் சேர்க்காதீர்கள். காரணம் சொல்லத் தொடங்கினால் அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டி வரும், அது இரண்டாவது அநியாயம். அவர் திட்டலாம், ஊரில் சொல்லலாம், இனி உங்களுக்கு மாங்காய் போடாமல் இருக்கலாம். அத்தனைக்கும் அவருக்கு உரிமை உண்டு. முழுத் தொகை கையில் இல்லை என்றால் எந்தெந்தப் பருவத்தில் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஆள் இறந்திருந்தால் வாரிசுக்கு. யார் என்றே தெரியாத சில்லறைத் தொகைகள் மட்டும் அன்னதானத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகலாம், அதுவும் உங்கள் பெயர் போடாமல். கணக்கில் காட்டாத வரவு இதில் கலந்திருந்தால் ஆடிட்டரிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் மனப்பாரம் இறங்குவதற்காக மூன்றாவது ஆளைக் காட்டிக்கொடுக்கும் பாவமன்னிப்பு வேண்டாம். உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள்.

தொழில் தாங்குமா என்று கேட்டீர்கள். முதலில் இறங்கும். இரண்டு விலையில் வந்த வரவு நின்றுபோகும், சில வாங்குபவர்கள் "இவர் சரிப்பட்டு வரமாட்டார்" என்று போய்விடுவார்கள். இதை மறைத்து, நேர்மையாக இருந்தால் உடனே செழிப்பு வரும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். பின்னால் வருவது வேறு மாதிரி வரவு. முன்பணம் கொடுக்காமலே தோட்டக்காரர் உங்களிடம் கொண்டுவந்து போடுவார், முன்பணம் கொடுக்க நீங்கள் வாங்கும் கடனுக்கான வட்டி மிச்சம். ஆனால் அது சில பருவங்கள் உங்கள் சீட்டைப் பார்த்தபின்தான் நடக்கும். இந்த இடைவெளியைத் தாங்க வீட்டுச் செலவைக் குறைக்க வேண்டியிருக்கும், அதனால் வீட்டம்மாவிடம் கணக்கை முதலிலேயே காட்டிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் நேர்மையாக இருக்கப் பார்ப்பதும் இன்னொரு மறைப்புதான்.

தியானத்தை விடச் சொல்லவில்லை. காலையில் 15 நிமிடம் போதும். கடைசி இரண்டு நிமிடம் அன்றைக்குச் சந்திக்கப்போகும் மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள்: இவரிடம் எந்த இடத்தில் பொய் சொல்லத் தோன்றும், அதற்குப் பதிலாக என்ன சொல்வேன்? அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை முழுசாகச் சொல்லிப் பாருங்கள். தயாரான வாக்கியம் இல்லாதவன் நெருக்கடியில் பழைய வாக்கியத்தையே எடுப்பான்.

ஒருமை உணர்வைப் பற்றியும் கறாராக இருங்கள். "எல்லாம் ஒன்று, அதனால் என்னுது உன்னுது இல்லை" என்ற பேச்சு, வாங்குகிறவன் வாயில் வந்தால் ஆபத்து, கொடுக்கிறவன் வாயில் வந்தால் மட்டும் அழகு. "எல்லாம் அவன் செயல்" என்று நஷ்டக் கணக்கில் மட்டும் எழுதுகிறவர்களும் உண்டு. உங்களுக்குள் வந்தது உண்மையான நிறைவுதானா என்று பார்க்க எளிய அடையாளங்கள் இருக்கின்றன. யாரிடம் என்ன சொன்னோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும் வேலை குறையும். கூலியாள் "அண்ணா, இது தப்பு" என்று நேருக்கு நேர் சொல்லத் துணிவான், நீங்களும் அன்று மாலை வரை அவனிடம் முகம் சுளிக்கமாட்டீர்கள். மண்டியில் பேசும் குரலும் கோயிலில் பேசும் குரலும் ஒன்றாகும்.

சித்திரையில் வரத்து தொடங்குவதற்குள் புதுச் சீட்டுப் புத்தகம் அச்சடிக்கக் கொடுத்துவிடுங்கள். வண்டி எண், ஏற்றிய எடை, காலி எடை, விற்ற விலை, கமிஷன், ஏற்று இறக்குக் கூலியும் வாடகையும், உடனடிப் பணத்துக்குப் பிடித்தது, கைக்குக் கொடுத்தது என்று எட்டு வரி போதும். கழிவு பிடித்தால் அதற்கும் காரணத்தோடு ஒரு வரி போடுங்கள், எடையோடு கலந்து மறைக்கவேண்டாம். ஆலையின் ரசீது நகலைச் சீட்டோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுங்கள். கார்பன் தாள் வைத்து இரண்டு பிரதி எழுதவேண்டும், மேல் பிரதி விவசாயிக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், அவர் கூட்டிவந்த ஆளிடம் உரக்கப் படித்துக் காட்டியபிறகு கைநாட்டு வாங்குங்கள்.